பழைய டைப்ரைட்டர் எழுத்தும் ஒரு லோன் பேப்பரும்

போன மாசம் ஒரு தம்பி லோன் விஷயமாக வந்தார். கச்சால் தீவுக் குடும்பம். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி, 1970களில் அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்தவர்களின் பேரன். ஃபைலில் தாத்தாவின் வேலை உத்தரவு ஒன்று. ஆங்கிலத்தில் டைப் அடித்தது. மை மங்கி, எழுத்துகள் அங்கங்கே உதிர்ந்து, பார்த்தாலே ஐம்பது வருஷம் சொல்லும்.

எனக்கு இடித்தது. பி.காம் படிக்கும்போதே லோயர், ஹையர் முடித்தவனாச்சே! நிஜ மெஷினில் தேய்ந்த அச்சு ஒரே காயத்தைத் திரும்பத் திரும்பக் காட்டும், சரி. ஆனால் விரல் அழுத்தமும் ரிப்பன் மையும் ஒவ்வொரு அடிக்கும் மாறும். இதிலோ எல்லா 'ஈ'க்கும் ஒரே அழுக்கு, ஒரே கறுப்பு. தாளைத் திருப்பித் தடவினேன். வழுவழு. டைப் அடித்த தாள் என்றால் பின்பக்கம் விரலில் தட்டும், முற்றுப்புள்ளி சிலசமயம் ஓட்டையே போட்டுவிடும்.

"புதுசா அடிச்சதா தம்பி?"

"ஆமா சார். ஒரிஜினல் சுனாமில போயிடுச்சு. அப்பா ஞாபகத்துல இருந்ததை அப்படியே போட்டேன். பழசு மாதிரி இருந்தாத்தானே நம்புவாங்க?"

பொய் சொல்லத் தெரியாத பையன். 2004 டிசம்பர் 26 கச்சாலை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வகை எழுத்துருவை நான் குறை சொல்லவில்லை. 1991இல் நெதர்லாந்துக்காரர் எரிக் வான் பிளாக்லாண்ட் நிஜ டைப்ரைட்டர் எழுத்துகளிலிருந்தே 'டிரிக்ஸி'யை உருவாக்கினார். துப்பறியும் கதை அட்டை, நாடக போஸ்டர், சங்க விழா மலரில் 'அந்தக் காலம்' பக்கத் தலைப்பு... தாராளமாகப் போடுங்கள். வாசிப்பவருக்கு அது வேஷம் என்று தெரியும். நாலு வரிக்கு மேல் போட்டால் கண் வலிக்கும், அவ்வளவுதான் :-)

ஆனால் அத்தாட்சி என்று நீட்டும் தாளில் அது கூடவே கூடாது. விஷயம் உண்மையாகவே இருந்தாலும் தாள் பொய்யாகிவிடுகிறது. இன்னொன்று, நாளைக்கு இன்னொரு கச்சால் பாட்டி உப்புத்தண்ணீரில் ஊறிய நிஜத் தாளைக் கொண்டுவந்தால், என்னைப் போல ஒருத்தன் அதையும் சந்தேகத்தோடுதான் தடவிப் பார்ப்பான். காகிதம் குறைவாக உள்ளவர்களுக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம்.

அந்தத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அலுவலகப் பதிவேட்டில் சான்றளித்த நகல் கேட்டு எழுதச் சொன்னேன். அதுவும் இல்லையென்றால், "ஒரிஜினல் சுனாமியில் போனது" என்று இன்றைய தேதி போட்டு அப்பா பெயரில் ஓர் உறுதிமொழிப் பத்திரம். சாதாரண எழுத்தில், புதுத் தாளில்.

தொலைந்ததைத் தொலைந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை. உங்கள் வீட்டிலும் பழைய டைப் அடித்த தாள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து வையுங்கள்.