இறங்கினால் ஏற ஏணி இல்லை

கேரளத்தின் முதல் தொழில்முறைக் கால்பந்து கிளப் 2002ல் கீழே விழுந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஏன்?

ஆண்டுதோறும் மே மாதம் இங்கிலாந்தில் மூன்று ஊர்கள் துக்கம் அனுஷ்டிக்கின்றன. பிரீமியர் லீக் கால்பந்தின் 20 அணிகளில் கடைசி மூன்று இடங்களில் வந்தவை கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும் மாதம் அது. நரைத்த தலை ரசிகர்கள் கழுத்துத் துண்டில் முகம் புதைத்து அழுவதை டிவி கேமராக்கள் தேடிப் பிடித்துக் காட்டும். கொச்சியில் மட்டாஞ்சேரியின் குறுகிய சந்துகளில் அதைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்கள் உண்டு. லீட்ஸ் இறங்கியது, லெஸ்டர் இறங்கியது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால், அவர்களுடைய சொந்த ஊர் அணி ஒன்றும் அப்படி இறங்கியதே, அந்தக் கதை இன்றைய இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2001-02 தேசியக் கால்பந்து லீகில் 12 அணிகள் ஆடின. ஆளுக்கு 22 ஆட்டங்கள். கொல்கத்தாவின் மோகன் பகான் பட்டம் வென்றது. பட்டியலின் அடியில் கிடந்தது எஃப்.சி. கொச்சின். இனி இரண்டாம் டிவிஷனில் ஆடித்தான் மேலே வர வேண்டும் என்றது விதி. அது நடக்கவில்லை. அந்த ஆண்டே கிளப் கலைந்தது. அப்போது அதன் வயது ஐந்துதான்.

பிறந்தபோது அது ஏழைக் குழந்தை அல்ல. 1997ல் கொச்சியில் நடந்த நேரு கோப்பைப் போட்டிகளுக்குக் கலூர் ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. கோப்பையை ஈராக் கொண்டுபோனாலும், கேரளத்தில் கால்பந்துக்குக் கூட்டம் வரும் என்பது நிரூபணமாகிவிட்டது. அதே ஆண்டில் எஃப்.சி. கொச்சின் தொடங்கப்பட்டது. முதல் தேசிய லீகை வென்றிருந்த பஞ்சாபின் ஜே.சி.டி. அணியிலிருந்து ஐ.எம். விஜயனும் கார்ல்டன் சாப்மனும் வந்தார்கள். ஜோ பால் அஞ்சேரி வந்தார். தமிழ்நாட்டிலிருந்து ராமன் விஜயன் வந்தார். நாட்டின் சிறந்த கால்கள் பலவும் ஒரே சட்டைக்குள் இறங்கின.

பலன் உடனே தெரிந்தது. டூரண்ட் கோப்பை 1888ல் தொடங்கிய போட்டி. ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பை அதுதான். அதுவரை எந்தக் கேரள அணியும் அதைத் தொட்டதில்லை. பிறந்த ஆண்டிலேயே மோகன் பகானை இறுதி ஆட்டத்தில் 3-1 என்று வீழ்த்தி அதை எடுத்து வந்தது எஃப்.சி. கொச்சின். 1997-98 தேசிய லீகில் அதிக கோல் அடித்தவர் ராமன் விஜயன். எண்ணிக்கை 10. கொல்கத்தாவும் கோவாவும் குத்தகைக்கு எடுத்திருந்த ஆட்டத்தில் மூன்றாவதாக ஒரு ஊர் வந்து உட்கார்ந்துவிட்டது என்றே தோன்றியது.

அந்த அணியின் துணிச்சலைப் புரிந்துகொள்ள, அதற்கு முன் கேரளத்தில் கால்பந்து எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். அங்கே ஆட்டம் என்பது வேலை வாங்கும் வழி. நன்றாக ஆடும் பையனைப் போலீஸ் எடுத்துக்கொள்ளும், அல்லது வங்கி, மின்வாரியம், உரத் தொழிற்சாலை. 1990லும் 1991லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது கேரள போலீஸ் அணி. கொச்சி வட்டாரத்தில் களமசேரியின் பிரீமியர் டயர்ஸ், உரக் கம்பெனியான ஃபாக்ட் ஆகியவற்றின் அணிகள் ஒரு காலத்தில் கொடி கட்டிப் பறந்தன. ஆட்டக்காரர் பந்தை உதைத்தாலும் அவர் சம்பளம் அலுவலகப் பதிவேட்டில் இருந்தது. முழங்கால் போனாலும் பென்ஷன் போகாது.

எஃப்.சி. கொச்சின் இந்தக் கணக்கைக் கலைத்துப் போட்டது. பந்தாடுவதே வேலை, பந்தாடுவதற்கே சம்பளம் என்றது. திருச்சூர் ஸ்டேடியத்தில் சிறுவனாக சோடா விற்ற ஐ.எம். விஜயன் போன்ற ஒருவர், ஊரைவிட்டு கொல்கத்தாவுக்கும் பஞ்சாபுக்கும் போகாமலே பிழைக்க முடியும் என்பதுதான் அதன் அர்த்தம். பின்னாளில் 'திமிரு', 'பிகில்' படங்களில் தமிழ் ரசிகர்கள் பார்த்த அதே விஜயன்தான்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. கால்பந்து கிளப்புக்கு வருமானம் வரும் வாசல்கள் நான்கு. டிக்கெட், விளம்பரதாரர், டிவி உரிமை, வளர்த்த ஆட்டக்காரரை விற்பது. கொச்சியில் ஸ்டேடியம் கிளப்புக்குச் சொந்தமில்லை. அது கொச்சி பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் சொத்து. டிவி பணத்தில் கிளப்புகளுக்கு ஒழுங்கான பங்கு என்ற ஏற்பாடு அன்று இந்தியாவில் இல்லை. விற்பதற்குச் சொந்தமாக வளர்த்த பையன்களும் இல்லை. பிறரிடமிருந்து வாங்கிய நட்சத்திரங்கள்தான் இருந்தார்கள். எல்லாப் பாரமும் விளம்பரதாரர் தலையில். விளம்பரதாரரோ ஜெயிக்கிற குதிரையைத் தேடுகிறவர். போதாததற்குக் கலூர் ஸ்டேடியத்துக்குக் கிரிக்கெட்டும் போட்டிக்கு வந்தது. 1998 ஏப்ரல் 1ம் தேதி அங்கு நடந்த ஒரு நாள் ஆட்டத்தில் சச்சின் டெண்டுல்கர் ஆஸ்திரேலியாவின் 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அன்று அந்தப் புல்தரை யாருடையது என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

சில ஆண்டுகளில் பணம் வற்றியது. சம்பளம் பாக்கி விழுந்தது. சாப்மன் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். விஜயன் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். 2001-02 சீசனில் கொச்சின் மூழ்கிக்கொண்டிருந்தபோது அவர் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் இருந்தார். பெரிய பெயர்களுக்குப் போக இடம் இருந்தது. பெயரில்லாதவர்களின் நிலைமைதான் மோசம். அரசு வேலையைக் குறிவைக்க வேண்டிய வயதில் கிளப்பை நம்பி வந்த பையனுக்கு, கிளப் கலைந்தபோது சம்பளமும் இல்லை, வேலையும் இல்லை, அந்த வேலைக்கான வயதும் தாண்டிக்கொண்டிருந்தது.

இதை இன்னொரு கீழிறக்கத்தோடு வைத்துப் பார்க்கலாம். சென்னையின் இந்தியன் வங்கி அணி 2003-04ல் இதே தேசிய லீகிலிருந்து கீழே இறங்கியது. வருத்தம்தான். ஆனால் அந்த ஆட்டக்காரர்களுக்கு உட்கார வங்கியில் ஒரு நாற்காலி இருந்தது. கொச்சின் ஆட்டக்காரர்களுக்கு அது கிடையாது. தொழில்முறை என்ற சொல்லின் மறுபக்கம் இது. நவீனமான கிளப் வந்தது, ஆனால் அது விழுந்தால் தாங்கும் வலையை யாரும் கட்டவில்லை.

இங்கிலாந்தில் அந்த வலை இரண்டு அடுக்காக இருக்கிறது. முதலாவது பணம். கீழே இறங்கும் கிளப்புக்கு பிரீமியர் லீகின் டிவி வருமானத்திலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித் தொகை தரப்படுகிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'பாராசூட்'. இரண்டாவது, கீழே இருக்கும் தரை. இரண்டாம் டிவிஷனில் 24 அணிகள், சொந்த மைதானத்தில் 23 ஆட்டங்கள், ஆண்டு முழுவதும் வேலை. அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று.

கொச்சின் டூரண்ட் கோப்பையில் மின்னிய அதே காலகட்டத்தில் லீட்ஸ் அணியும் தகுதிக்கு மீறிச் செலவு செய்துகொண்டிருந்தது. 2001ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை வந்தது. கடன் கழுத்தை நெரித்தது. 2004ல் கீழே இறங்கியது. அந்த ஆண்டே மைதானத்தையும் விற்றது. 2007ல் மூன்றாம் டிவிஷனுக்கே போனது. மேலே வர 2020 ஆயிற்று. 16 ஆண்டுகள். ஆனால், எந்தப் படியில் நின்றாலும் அங்கே ஆட ஆட்டம் இருந்தது, பார்க்க ஊர் இருந்தது. செலவில் கொச்சினைவிட லீட்ஸ் ஒன்றும் சிக்கனம் காட்டவில்லை. பிழைத்ததற்குக் காரணம் அதன் காலடியில் படிகள் இருந்ததுதான்.

இந்தியாவில் தேசிய லீகின் இரண்டாம் டிவிஷன் என்பது அன்று ஒரு சில ஊர்களில் அணிகளைக் கூட்டி, குழு பிரித்து, சில வாரங்களில் முடித்துவிடும் போட்டி. அந்தச் சில வாரங்களுக்காக ஆண்டு முழுவதும் 25 பேருக்குச் சம்பளம் கொடுக்க எந்த முதலாளி முன்வருவார்? காசு வைத்திருப்பவர் மட்டுமே காத்திருக்கலாம்.

அப்படிக் காத்திருந்து வென்ற கதையும் உண்டு, காத்திருந்து வீழ்ந்த கதையும் உண்டு. இரண்டும் ஒரே நாளில் தொடங்கியவை. 2007-08ல் தேசிய லீக், ஐ-லீக் என்று பெயர் மாறிய முதல் சீசனில் கீழே இறங்கிய அணிகள் இரண்டு. கோவாவின் சல்காவ்கர், கேரளத்தின் விவா கேரளா. சல்காவ்கருக்குப் பின்னால் ஒரு தொழில் குடும்பமும் பல பத்தாண்டு வரலாறும் இருந்தன. அது மேலே வந்தது, 2010-11ல் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. விவா கேரளாவும் மேலே வந்தது. ஆனால், கைமாறி சிராக் யுனைடெட் கேரளா ஆனது. 2011-12ல் மறுபடி இறங்கியது. அதோடு சரி. பத்தே ஆண்டுகளில் கேரளம் இரண்டாவது கிளப்பைப் புதைத்தது.

2014ல் வந்த இந்தியன் சூப்பர் லீக் இந்தச் சிக்கலுக்குச் சுலபமான தீர்வு கண்டது. கீழிறக்கமே வேண்டாம் என்று வைத்துவிட்டது. கொச்சிக்கு கேரளா பிளாஸ்டர்ஸ் கிடைத்தது. 1998ல் கலூரில் பந்து வீசிய டெண்டுல்கரே இணை உரிமையாளராக வந்தார். மஞ்சள் சட்டைக் கூட்டம் ஸ்டேடியத்தை மீண்டும் நிரப்பியது. 2015ல் அந்த அணி எட்டு அணிகளில் எட்டாவதாக வந்தது. இங்கிலாந்தாக இருந்தால் அழுகை, கொச்சியிலோ அடுத்த சீசனுக்கான டிக்கெட் விற்பனை. 2016ல் அதே அணி இறுதி ஆட்டம் வரை போனது. கொச்சின் கிளப்புக்குக் கிடைக்காத மன்னிப்பு பிளாஸ்டர்ஸுக்குக் கிடைத்தது. அந்த மன்னிப்பால் ஒரு கிளப் உயிரோடு இருக்கிறது, அதை மறுக்க முடியாது.

ஆனால், மேலே இருப்பவர் இறங்க வேண்டாம் என்றால் கீழே இருப்பவர் ஏற முடியாது. இதன் விலையைக் கொடுத்தது தமிழ்நாடு. 2018-19ல் ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டம் வென்றது சென்னை சிட்டி எஃப்.சி. கோவையில் ஆடிய அணி. பட்டம் வென்றவருக்கு சூப்பர் லீகில் இடம் என்ற விதி அப்போது இல்லை. 2021-22 ஐ-லீகில் அந்த அணியின் பெயரே இல்லை. ஐ-லீகை வென்று மேலே போகும் வழி 2023ல்தான் திறந்தது. முதலில் அதில் நுழைந்தது பஞ்சாப் எஃப்.சி. கொச்சின் இறங்கியதால் செத்தது, சென்னை சிட்டியோ ஜெயித்தும் பிழைக்கவில்லை. வழி வேறு, நோய் ஒன்றுதான்.

அந்த நோயின் பெயர் நடுவெளி. உச்சியில் பளபளப்பான லீக் இருக்கிறது. அடியில் தெருவும் மைதானமும் இருக்கின்றன. இடையில் ஒன்றுமில்லை. இதை மட்டாஞ்சேரியில் கண்ணாலேயே பார்க்கலாம். மசாலா மணக்கும் பஜார் சாலையிலிருந்து சிறிது தூரத்தில் ஃபோர்ட் கொச்சியின் பரேடு மைதானம். அங்கே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சிறுவர்களுக்குக் கால்பந்தும் ஹாக்கியும் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் டி சூசா. இந்த வட்டாரத்து மைதானங்களில் வளர்ந்த டி.ஏ. ஜாஃபர், 1973ல் கேரளம் முதல்முறையாக சந்தோஷ் கோப்பையை வென்ற அணியின் துணை கேப்டன். 1992ல் கோவையிலும் 1993ல் கொச்சியிலும் அதே கோப்பையை வென்ற அணிகளின் பயிற்சியாளர். இன்னொரு பக்கம் வெளி என்ற பகுதி. தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் டோபிகானா இருக்கும் இடம். உலகக் கோப்பை வந்தால் இந்த வட்டாரம் முழுவதும் பிரேசில், அர்ஜென்டினா கொடிகளாகிவிடும்.

ஆட்டக்காரருக்கோ ரசிகருக்கோ இங்கே பஞ்சமில்லை. இந்த மைதானங்களையும் கலூரையும் இணைக்கும் படிகளுக்குத்தான் பஞ்சம். ஆண்டு முழுவதும் நடக்கும் மாவட்ட லீக், அதில் வென்றால் மாநில லீக், அதிலிருந்து தேசிய லீக் என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கூட்டம், கொஞ்சம் பணம் இருந்தால், மேலேயிருந்து விழும் அணி ஏதாவது ஒரு படியில் தங்கி நிற்கும். 2024ல் ஆறு அணிகளோடு தொடங்கிய சூப்பர் லீக் கேரளா இந்த நடுவெளியில் வைத்த முதல் பலகை. அதில் கொச்சியின் ஃபோர்கா கொச்சி அணி முதல் ஆண்டே இறுதி ஆட்டம் வரை வந்தது. அந்த லீகிலும் ஏறும் வழியோ இறங்கும் வழியோ தொடங்கும்போது இல்லை.

கீழிறக்கம் கொடுமையான விதி அல்ல. கடைசி மாதத்தில் கடைசி இடத்துக்காகவும் உயிரைக் கொடுத்து ஆட வைக்கும் விதி அது. ஆனால் அதை இறக்குமதி செய்கிறவர்கள், இங்கிலாந்தில் அந்த விதிக்கு அடியில் இருக்கும் படிகளையும் சேர்த்தே இறக்குமதி செய்ய வேண்டும். 2002ல் இந்தியா விதியை மட்டும் வைத்திருந்தது. 2014ல் அந்த விதியையும் எடுத்துவிட்டது. படிகளைக் கட்டும் வேலை இரண்டு முறையும் யார் நினைவுக்கும் வரவில்லை. அடுத்த முறை கொச்சி அணி ஒன்று கடைசி இடத்துக்கு வரும்போது ரசிகர்கள் தாராளமாக அழட்டும். அடுத்த ஆண்டு அந்த அணி எந்த மைதானத்தில் ஆடும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எஃப்.சி. கொச்சின் ரசிகர்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.