கை நடுங்கும்போது குளிசையா, உடற்பயிற்சியா?

எங்கள் மாதர் குழுவின் சேமிப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கண்டேன். கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தின் குழு அது. மாதம் ஒருமுறை பணத்தைக் கட்டி, எதிரே கையெழுத்து வைப்பார்கள். ஓர் அம்மாவின் கையெழுத்து 2018 இல் கட்டத்தை நிறைத்து இருந்தது. 2021 இல் அதே கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோலச் சிறுத்துப் போயிருந்தது.

அப்போது அவருக்கு 58 வயது. 2009 இல் கணவரையும் மூத்த மகனையும் இழந்தவர். விடியப்புறம் மூன்றரைக்கு எழும்பி, இடியப்பம் அவித்து, இரண்டு கடைகளுக்குக் கொடுத்து இளைய மகளைப் படிப்பித்தவர். "பிள்ளை, உரலைப் பிழியக் கை வருகுதில்லை" என்று அவர் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவருடைய வலது கை மடியில் சும்மா கிடந்தபடியே நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நான் சமூகவியல் படித்தவள். எங்கள் பெண்களின் துன்பத்தை யுத்தம், இழப்பு, வறுமை என்பவற்றுக்குள்ளால்தான் பார்க்கப் பழகியிருந்தேன். அவரின் முகத்தில் சிரிப்பு மறைந்திருந்தது, குரல் தாழ்ந்திருந்தது, நித்திரையும் சரியில்லை. எல்லாவற்றையும் சேர்த்து "யுத்தத்தால் ஏற்பட்ட உளப்பாதிப்பு" என்று குறிப்பெழுதி உளவளத்துணைக்கு அனுப்பிவிட்டேன். பல மாதங்கள் கழிந்தபின் அந்த உளவளத்துணையாளர்தான் என்னைக் கூப்பிட்டு, "இது மனத்தில் மட்டும் உள்ள வருத்தமில்லை. அவவின்ர நடையைப் பாருங்கோ, ஒரு கை வீசுப்படுகுதில்லை. டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றார். நரம்பியல் கிளினிக்கில் அதற்குப் பெயர் சொன்னார்கள்: பாக்கின்சன் நோய்.

அந்த அம்மாவின் சம்மதத்தோடுதான் இந்த மாதம் இதை எழுதுகிறேன். "என்னைப்போல இன்னொருத்தி மினக்கெடக் கூடாது, எழுது பிள்ளை" என்று சொன்னவரும் அவரே.

இது என்ன நோய்?

1817 இல் ஜேம்ஸ் பாக்கின்சன் என்ற ஆங்கிலேய வைத்தியர் இந்நோயை விபரித்து எழுதினார். அவர் பெயரே நோய்க்கு வந்தது. எங்கள் நாட்டு வைத்தியத்தில் நடுக்குவாதம், கம்பவாதம் என்ற பெயர்கள் உண்டு. மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் சிறிது சிறிதாக அழிந்துபோவதே இங்கு நடப்பது. டோபமின் குறையும்போது அசைவுகள் மெதுவாகின்றன, தசைகள் இறுகுகின்றன, பலருக்கு நடுக்கமும் வருகிறது. மனச்சோர்வு, மலச்சிக்கல், நித்திரைக் குழப்பம் என்பனவும் இதன் அறிகுறிகளே. சிலருக்கு இவை நடுக்கத்துக்கு முன்பே வந்துவிடும்.

பயத்தாலும் பதற்றத்தாலும் வரும் நடுக்கம் பெரும்பாலும் இரண்டு கைகளிலும், கையை நீட்டும்போதோ வேலை செய்யும்போதோ தெரியும். பாக்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில், கை ஓய்ந்திருக்கும்போது தொடங்கும். நடுக்கமே இல்லாமலும் இந்நோய் வரலாம். ஆகவே "செல்லடிக்குள்ள இருந்த பயம்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். என்னைப் போன்றவர்கள் முடிவு கட்டினாலும் விடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில மருந்துகளாலும் இதே நடுக்கமும் இறுக்கமும் வரலாம். மனநோய்க்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல், சத்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோபிரமைட் என்பன அப்படிப்பட்டவை. யுத்தத்துக்குப் பின் மனநல மருந்து எடுத்துவரும் சகோதரிகள் நம்மிடையே பலர். அவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. குளிசைகளைக் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தகரப் பெட்டிக்குள் போன குளிசை

கிளினிக்கில் லெவோடோபா என்ற குளிசையை எழுதிக் கொடுத்தார்கள். அந்த அம்மா அதை வாங்கி வந்து தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். "தொடங்கினால் பிறகு விடேலாதாம் பிள்ளை. அஞ்சு வருசத்தில வேலை செய்யாமலும் போயிடுமாம். இன்னும் ஏலாமல் போற காலத்துக்கு வைச்சிருக்கிறன்" என்றார்.

எனக்கு அந்த மனம் விளங்கியது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, எதையும் நாளைக்கென்று மிச்சம் பிடித்துப் பழகிய கை அது. குளிசைக்குப் பதிலாக ஒரு பரியாரியார் கொடுத்த பூனைக்காலி விதைத் தூளைப் பாலில் கலந்து குடித்தார். பின்னேரங்களில் குளக்கட்டில் நடந்தார். நடுக்கம் சில நாள் குறைந்தது, சில நாள் கூடியது. ஐந்து மாதமளவில் ஒருநாள் கிணற்றடியில் விழுந்தார். நல்லகாலம், எலும்பு முறியவில்லை.

மறுபடியும் கிளினிக்குக்குப் போனபோது நானும் கூடப் போனேன். வைத்தியர் ஏசவில்லை. "அம்மா, உங்களுக்கு என்ன வேலை செய்யக் கஷ்டமாயிருக்கு?" என்று மட்டும் கேட்டார். "இடியப்பம் பிழியேலாது. அதுதான் எங்கட சோறு" என்றார் அம்மா. "அப்ப நீங்கள் இன்னும் பிந்தத் தேவையில்லை" என்றார் வைத்தியர்.

முடிவெடுக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லையென்று நினைக்கிறேன். அறிகுறி சிறிதாக இருந்து, வேலைக்கும் நடைக்கும் இடைஞ்சல் இல்லையென்றால் வைத்தியரோடு கதைத்துச் சிறிது காலம் பொறுத்திருக்கலாம். அன்றாட வாழ்வைத் தடுக்கத் தொடங்கிவிட்டால் பொறுத்திருப்பதால் இலாபமில்லை.

மிச்சம் பிடிக்க முடியுமா?

"பிந்தித் தொடங்கினால் மருந்து கனகாலம் வேலை செய்யும்" என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் மட்டும் இல்லை. ஒரு காலத்தில் வைத்தியர்கள் பலரும் அப்படித்தான் எண்ணினார்கள். நெதர்லாந்தில் 445 நோயாளர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு உடனே லெவோடோபா கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு 40 வாரம் பிந்திக் கொடுத்தார்கள். 80 வாரங்களின் பின் இரண்டு பகுதியினரும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். முந்தித் தொடங்கியதால் நோய் மெதுவாகவுமில்லை, கெட்டுப்போகவுமில்லை. முடிவு 2019 இல் வெளிவந்தது.

2014 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு கானாவையும் இத்தாலியையும் ஒப்பிட்டது. கானாவில் மருந்து கிடைக்க வழியில்லாமல் பிந்தித்தான் தொடங்கினார்கள். ஆனாலும் மருந்தின் பலன் இடையில் விட்டுப்போவதும், தன்னையறியாத அசைவுகளும் நோய் தொடங்கி ஏறக்குறைய அதேயளவு காலத்தில்தான் இரு நாட்டிலும் வந்தன. அந்தச் சிக்கல்கள் நோய் முற்றுவதோடும் மருந்தின் அளவோடும் சேர்ந்து வருபவை. குளிசையைப் பெட்டிக்குள் வைத்து எதையும் மிச்சம் பிடிக்க முடியாது. நல்லாய் வாழக்கூடிய மாதங்களைத்தான் இழப்போம்.

மருந்தையும் கூட்டிச் சொல்லக் கூடாது. லெவோடோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறி, இல்லாத இடத்தை நிரப்புகிறது. கலங்கள் அழிவதை அது நிறுத்தாது. தொடக்கத்தில் ஓங்காளம், எழும்பும்போது தலைச்சுற்று வரலாம். ஓங்காளத்தைக் குறைக்கத்தான் காபிடோபா போன்ற இன்னொரு மருந்தை அதே குளிசைக்குள் சேர்த்திருக்கிறார்கள். வருடங்கள் போக, ஒரு வேளைக் குளிசை அடுத்த வேளை வரை தாக்குப் பிடிக்காது. அப்போது நேரத்தையும் அளவையும் வைத்தியர் மாற்றுவார்.

பூனைக்காலி பொய்யா?

பொய்யில்லை. பூனைக்காலி விதையில் இருப்பதும் லெவோடோபாதான். 1937 இலேயே இந்தியாவில் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். "இங்கிலீசு மருந்து வேண்டாம்" என்று சொன்ன அந்த அம்மா ஐந்து மாதமாக அதே மருந்தைத்தான், அளவு தெரியாமல், குடித்துக்கொண்டிருந்தார்! ஒரு கரண்டித் தூளில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விதைக்கு விதை அது வேறுபடும். அதனால்தான் ஒருநாள் கை நின்றது, ஒருநாள் நிற்கவில்லை. குளிசையோடு தூளையும் சேர்த்தால் அளவு கூடித் தலைச்சுற்றும் மனக்குழப்பமும் வரலாம். பரியாரியாரிடம் போவதைக் கிளினிக்கில் மறைக்காதீர்கள். எங்கள் வைத்தியர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டுதான் மருந்தின் அளவைத் தீர்மானித்தார்.

பயிற்சிக்கு உள்ள இடம்

குளக்கட்டில் நடந்தது வீண்போகவில்லை. 2018 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இன்னும் மருந்து தொடங்காத 128 நோயாளர்களைச் சேர்த்தார்கள். இதயம் வேகமாக அடிக்கும்படி ஆறு மாதம் பயிற்சி செய்தவர்களின் அசைவு நிலை பெரிதாகக் குறையவில்லை. வழமைபோல் இருந்தவர்களுக்குக் குறைந்தது. பயிற்சி சமநிலையையும் மனத்தையும் நித்திரையையும் தேற்றும். ஆனால் இறுகிப்போன உடம்பால் எப்படிப் பயிற்சி செய்வது? குளிசை உடம்பை இளக்கிவிடும் அந்த இரண்டு மூன்று மணித்தியாலத்தில்தான் நன்றாக நடக்க முடியும். ஒன்று இல்லாமல் மற்றது முழுப் பலன் தராது.

நாங்கள் செய்து பார்த்தவை சில:

நடக்கும்போது காலை உயர்த்தி, எட்டி வைத்து, "ஒன்று, இரண்டு" என்று எண்ணி நடக்க வேண்டும். கால் நிலத்தில் ஒட்டினதுபோல நின்றுவிட்டால் இழுக்கக் கூடாது. நின்று, மூச்செடுத்து, எண்ணித் தொடங்க வேண்டும். வாசற்படியடியில் வெண்கட்டியால் குறுக்குக் கோடுகள் போட்டோம். கோட்டைத் தாண்டுவதாக நினைத்தால் கால் எழும்புகிறது. நடக்கத் திணறும் சிலருக்குச் சைக்கிள் ஓட வரும் என்பதையும் நெதர்லாந்து வைத்தியர்கள் 2010 இல் எழுதினார்கள். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் விழப் பார்க்கும். யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும், பெருந்தெருவில் வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரு விடயம். பால், பருப்பு, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலுள்ள புரதம், லெவோடோபா உடம்பில் சேர்வதைத் தடுக்கும். அதற்காக இவற்றை விட்டுவிடக் கூடாது, நேரத்தை மாற்றினால் போதும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு, தண்ணீரோடு குளிசை. பால் தேத்தண்ணியோடு வேண்டாம். வெறுவயிற்றில் ஓங்காளித்தால் ஒரு சாதாரண பிஸ்கட் போதும். இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்கள் இரண்டுக்குமிடையில் சில மணித்தியாலம் விட வேண்டும். மலச்சிக்கலுக்குக் கீரை, பப்பாளிப்பழம், நிறையத் தண்ணீர்.

சட்டென்று நிறுத்த வேண்டாம்

2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அந்த அம்மா யாருக்கும் சொல்லாமல் குளிசையைப் பாதியாக்கினார். மீண்டும் அந்த மிச்சம் பிடிக்கும் கை! பத்து நாளில் பாயிலிருந்து எழும்ப முடியவில்லை. இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் கடும் இறுக்கமும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே குளிசை முடியும்வரை காத்திராமல் முன்பே கிளினிக்குக்குப் போங்கள். அரச வைத்தியசாலையில் இல்லையென்றால் அதற்கு என்ன மாற்று என்று வைத்தியரிடமே கேளுங்கள். கிளினிக் கொப்பியின் ஒரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள். ஓடிய காலத்தில் கொப்பிகளைத் தொலைத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்குத் தன் உடம்பு கடைசியில்தான் ஞாபகம் வரும். பிள்ளைக்கு மருந்தென்றால் தவணை பிந்தமாட்டோம், எமக்கென்றால் தகரப் பெட்டி. சகோதரிகளே, உங்கள் பெட்டிக்குள் அப்படி ஏதும் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அந்த அம்மா இப்போது ஒரு கடைக்கு மட்டும் இடியப்பம் கொடுக்கிறார். பிழிவது மகள், மா குழைத்து அவிப்பது தாய். குழுக் கூட்டத்தைப் பின்னேரத்திலிருந்து முற்பகல் பதினொரு மணிக்கு மாற்றியிருக்கிறோம், பத்து மணிக் குளிசை அப்போது வேலை செய்யும் என்பதற்காக. போன மாதம் அவர் வைத்த கையெழுத்து 2018 இல் இருந்ததுபோல இல்லை. ஆனால் வாசிக்க முடிகிறது.