படத்தில் இருப்பவர்களுக்கு என்ன பங்கு?

இடம்பெயர்ந்து வாழும் மக்களுக்குக் கமரா புதிதல்ல. 1990இல் வயலையும் வளவையும் விட்டு ஓடி வந்து பாடசாலைக் கட்டடங்களில் ஒதுங்கியிருந்தபோது படம் பிடித்தார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து வந்த பின்னர் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று இந்தக் கரை முழுவதும் கமராக்கள் நடந்து திரிந்தன. நிவாரண வரிசையில் நிற்கும்போதும், தறப்பாளின் கீழ் பிள்ளைக்குச் சோறூட்டும்போதும், செத்தவர்களுக்காக அழும்போதும் பிடித்தார்கள். பிடித்தவர் அன்றைக்கே போய்விட்டார். அந்தப் படம் எங்கே போனது, யாருக்குப் பயன்பட்டது என்று திரும்பி வந்து சொன்னவர்கள் மிகச் சிலர்.

"எங்கட கண்ணீரை வித்துப் பிழைக்கிறாங்க" என்று இதைப் பற்றிக் கோபமாகப் பேசுவோர் உண்டு. "படம் போனால்தானே உதவி வரும்" என்று பொறுத்துப் போவோரும் உண்டு. இரு சாராரிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே ஒன்றைக் கேட்பதில்லை. வயலில் விளைந்ததற்குக் காணிச் சொந்தக்காரருக்கும் செய்கை பண்ணியவருக்கும் பங்கு உண்டென்றால், நமது முகத்தையும் நமது நிலத்தையும் வைத்து உருவான படத்தில் நமக்கு என்ன பங்கு? நல்ல நோக்கத்துக்காகவே பிடிக்கப்பட்ட படமானாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம், கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

நமது அயலிலிருந்தே தொடங்குவோம். ஒலுவில் - பள்ளக்காட்டுக் குப்பைமேடு நமக்குத் தெரிந்த இடம். 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு கழிவு முகாமைத்துவ நிலையமாகத் தொடங்கப்பட்டது. கல்முனை, சம்மாந்துறை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நமது ஊர்களின் குப்பையெல்லாம் அங்கேதான் போனது. சுற்றியிருந்த மின்வேலியை 2014இல் மின்னல் தாக்கியது, அது திருத்தப்படவில்லை. காட்டு யானைகள் உள்ளே வந்து பொலித்தீனோடு சேர்த்து உணவுக் கழிவைத் தின்னப் பழகின. எட்டு ஆண்டுகளில் சுமார் இருபது யானைகள் அங்கே பிளாஸ்ரிக் தின்று இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வெளியானது.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்மபாலன் திலக்சன் என்ற புகைப்படக் கலைஞர் இந்த யானைகளைப் படம் பிடித்தார். குப்பை மலையின் நடுவே, வண்ண வண்ணப் பைகளுக்குள் துதிக்கை விட்டு நிற்கும் அந்தக் கூட்டத்தின் படங்கள் 2020இல் உலகப் பத்திரிகைகளில் வந்தன. பிரித்தானியாவின் உயிரியலுக்கான அரச கழகம் நடத்திய போட்டியில் பரிசும் கிடைத்தது. கல்முனைச் சந்தையில் நாம் வாங்கி வீசிய பை எங்கே போய்ச் சேர்கிறது என்பதை ஒரு மொழியும் தேவைப்படாமல் அந்தப் படங்கள் சொல்லிவிட்டன. ஆண்டுக்கணக்காக எழுதிய முறைப்பாடுகள் எட்டாத இடங்களுக்கு அவை போயின. இது சிறிய வேலையல்ல.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். குப்பையில் ருசி கண்ட யானை குப்பையோடு நிற்பதில்லை. பக்கத்து வயலுக்கும் ஊருக்கும் வரும். பெரும்போக வேளாண்மை குடலை தள்ளும் காலத்தில் பரணில் கண் விழித்து, யானை வெடி கொளுத்தி, ஓர் இரவில் எல்லாவற்றையும் இழந்து நிற்பவர் நமது விவசாயி. உலகம் யானைக்காக இரங்கியது. இரங்க வேண்டியதுதான். அந்த விவசாயியோ படத்தின் எல்லைக்கு வெளியே நின்றார்.

இதைப் படம் பிடித்தவரின் குறையாக நான் சொல்லவில்லை. புகைப்படக் கலையின் இயல்பே இதுதான். வரம்பு கட்டுவது போன்ற வேலை அது. எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது, எந்த நேரத்து வெளிச்சம், எவ்வளவு கிட்டப் போவது என்று கலைஞர் தீர்மானித்துக்கொண்டே இருக்கிறார். பொத்தானை அழுத்துவது கடைசிச் சிறு செயல். ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும், வரம்புக்கு வெளியே யார் நிற்கிறார் என்று கேட்கப் பழகுவோம்.

இத்தகைய தீர்மானங்கள் எப்படி நடக்கின்றன, அவற்றின் பலன் யாரைச் சேர்கிறது என்பதற்கு, நம்மைப் போலவே நிலமிழந்து அலைந்த ஒரு விவசாயக் கூலிப் பெண்ணின் கதை உண்டு. அமெரிக்காவில் 1930களில் வறட்சியும் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து இலட்சக்கணக்கான விவசாயக் குடும்பங்களைத் தெருவில் விட்டன. அவர்களின் நிலையைப் பதிவு செய்ய அரசாங்கத் திணைக்களமொன்று புகைப்படக்காரரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. அவர்களில் ஒருவர் டொரோத்தியா லாங். 1936இன் தொடக்கத்தில், ஒரு மாத வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற இடத்தில் 'பட்டாணி பறிப்போர் முகாம்' என்ற பலகையைக் கண்டார். மழை, களைப்பு. நிறுத்தாமல் போய்விட்டார். இருபது மைல் போன பிறகு மனம் கேளாமல் வண்டியைத் திருப்பினார்.

முகாமில் உறைபனியால் பட்டாணிச் செய்கை அழிந்து, வேலையின்றிப் பட்டினியோடு மக்கள் கிடந்தார்கள். ஒரு கூடாரத்தில் முப்பத்திரண்டு வயதுத் தாய், பிள்ளைகளோடு. லாங் தூரத்தில் நின்று முதல் படத்தை எடுத்தார். ஓரடி முன்னே போய் அடுத்தது. இன்னும் கிட்ட. கூடாரமும் பெட்டியும் சாமான்களும் ஒவ்வொன்றாகச் சட்டத்துக்கு வெளியே போயின. கடைசியில் தாயின் முகமும், கன்னத்தைத் தொட்ட கையும், இரு தோள்களிலும் முகம் புதைத்த இரு பிள்ளைகளும், மடியில் கைக்குழந்தையும் மட்டுமே மிஞ்சின. பத்து நிமிட வேலை. பின்னாளில், கூடாரக் கம்பத்தைப் பிடித்திருந்த ஒரு பெருவிரல் கண்ணை உறுத்துகிறது என்று அதையும் அழிக்கச் செய்தார். அந்தளவுக்குக் கவனம்.

அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் அவர் கேட்கவில்லை. இதை லாங் தாமே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அந்த முகாமில் எடுத்த படங்கள் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகையில் வந்தன. உடனே அரசாங்கம் முகாமுக்கு இருபதாயிரம் இறாத்தல் உணவு அனுப்பியது. படம் பலரைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உணவு வந்து சேர முன்னரே அந்தத் தாய் பிள்ளைகளோடு வேறு வேலை தேடிப் போய்விட்டார். அவர் முகம் உலகப் புகழ் பெற்றது. அவர் வயல் வயலாகக் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். 1978இல்தான் ஒரு பத்திரிகையாளர் அவரைக் கண்டுபிடித்தார். புளோரன்ஸ் தொம்சன் என்பது பெயர். செரோக்கி என்னும் ஆதிக்குடியில் பிறந்தவர். அந்த இனமே ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்ட இனம். அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார். 1983இல் அவர் நோயில் விழுந்தபோது பிள்ளைகள் பகிரங்கமாக உதவி கேட்க, முப்பதாயிரம் டொலருக்கு மேல் சேர்ந்தது. அந்த ஆண்டே இறந்தார். 1998இல் அதே முகம் அமெரிக்கத் தபால் முத்திரையில் வந்தது.

லாங் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவரும் சம்பளத்துக்கு மேல் அந்தப் படத்தில் உழைக்கவில்லை. படம் அரசாங்கத்தின் சொத்து, யாரும் இலவசமாக எடுக்கலாம். நல்லவர்கள் நல்ல நோக்கத்தோடு செய்த காரியத்திலேயே படத்தில் இருந்தவர் விடுபட்டுப் போனார். நமக்கு இதில்தான் பாடம் இருக்கிறது.

வேறு விதமாகவும் செய்யலாம் என்று காட்டியவர் பிரேசில் நாட்டவரான செபஸ்தியாவோ சல்காடோ. 1944இல் ஒரு கால்நடைப் பண்ணையில் பிறந்து, பொருளியல் படித்து, உத்தியோகத்தை 1973இல் விட்டுவிட்டுக் கமராவைத் தூக்கியவர். அவசரப்படாதவர், ஒரு விடயத்தோடு ஆண்டுக்கணக்காக இருப்பார். அவருடைய நாட்டில் பெரும் நிலவுடைமையாளர் தரிசாகப் போட்டிருக்கும் காணிகளுக்குள் நிலமற்றோர் குடும்பம் குடும்பமாகப் புகுந்து செய்கை பண்ணும் இயக்கம் ஒன்று உண்டு. 1996 ஏப்ரல் 17இல் எல்டோராடோ டோ கராஜாஸ் என்ற இடத்தில் அவர்களில் 19 பேரைப் பொலிசார் கொன்றார்கள். சல்காடோ அந்த மக்களைப் பல காலமாகப் படம் பிடித்து வந்தவர். 1997இல் 'டெர்ரா', அதாவது 'மண்', என்ற பெயரில் நூலாக்கி, அதன் வருவாயை அந்த இயக்கத்துக்கே கொடுத்தார். படங்கள் சுவரொட்டிகளாக அச்சிடப்பட்டு ஊர் ஊராகக் கண்காட்சி வைக்கப்பட்டன. அந்தப் பணம் நிலமற்றோருக்கான ஒரு கல்விக்கூடத்தைக் கட்ட உதவியது. அது 2005இல் சாவோ பாவுலோவுக்கு அருகே திறக்கப்பட்டது. 1998இல் தம் பெற்றோரின் வரண்டு போன பண்ணையில் மனைவியோடு மரம் நடத் தொடங்கி, இருபது இலட்சத்துக்கும் அதிகமான மரங்களை வளர்க்க வழி செய்தார். 2025 மே மாதத்தில் காலமானார்.

அவரையும் விமர்சித்தார்கள். வறுமையை மிக அழகாகக் காட்டுகிறார் என்றார்கள். அதில் எனக்குப் பெரிய உடன்பாடில்லை. ஏழையின் முகம் அழகாக இருக்கக்கூடாது என்று சட்டமா? சூசன் சொன்ராக் என்ற எழுத்தாளர் 2003இல் வைத்த குறை வலுவானது: படத்தில் உள்ள ஏழைகளுக்குப் பெயர் போடுவதில்லை என்றார் அவர். புகழ் பெற்றவர்களுக்குப் பெயர் உண்டு, நமக்கு 'அகதிப் பெண்', 'பாதிக்கப்பட்ட சிறுவன்'. இருந்தும் நமது நாட்டில் பெயர் போடுவதில் ஆபத்தும் உண்டு. காணி வழக்கு நடக்கும்போது, அல்லது காணாமல் போன பிள்ளையைத் தேடும்போது, பெயரோடு படம் வருவது வீட்டுக்கு விசாரணைக்காரரைக் கொண்டுவரலாம். ஆகையால் போடு என்றும் போடாதே என்றும் பொதுவாகச் சொல்ல முடியாது. போடுவதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர் படத்தில் இருப்பவராக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பழனிக்குமார் என்றொருவர் இருக்கிறார். மதுரைப் பக்கத்துக் கிராமத்தவர். தாய் மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். இரவில் கரிமேட்டு மீன் சந்தையில் தெருவிளக்கின் கீழ் மீன் வாங்கும் தன் தாயையே படம் பிடித்தார். கையால் மலம் அள்ளுவோர் பற்றி 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. அவருடைய படங்கள், பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய கிராமிய ஆவணக் காப்பகத்தில் எவரும் காசின்றிப் பார்க்கக் கிடைக்கின்றன. இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, துப்புரவுத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் அவர் கமரா பிடிக்கக் கற்றுக் கொடுப்பது. அங்கே படம் பிடிப்பவரும் பிடிக்கப்படுபவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

இனி நமது காரியம். பாணமைப் பக்கம் றாகம்வெல முதலிய கிராமங்களின் மக்கள் 2010 ஜூலையில் துரத்தப்பட்டு, 2016 மார்ச்சில் தாமாகவே திரும்பப் போனார்கள். பொத்துவில் கனகர் கிராமத்தவர் 1990இல் விட்டு வந்த காணிக்காக 2018இல் வீதியோரத்தில் கொட்டில் போட்டு இருந்தார்கள். காடு மூடிய பின்னர் "நீங்கள் இங்கே இருந்ததற்கு என்ன அத்தாட்சி?" என்றுதான் எங்கும் கேட்கிறார்கள். பேர்மிட்டும் உறுதியும் கடலோடும் நெருப்போடும் போனவர்களுக்குப் பழைய கலியாண வீட்டுப் படம் ஒன்றின் பின்னணியில் தெரியும் கிணறு கூடப் பெறுமதியானது.

எனவே யாராவது கமராவோடு வந்தால் விரட்ட வேண்டாம். எந்த நிறுவனம், படம் எங்கே வரும், எத்தனை காலத்துக்கு வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். ஒரு பிரதி தரும்படி கேளுங்கள். தருவதாகச் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். பிள்ளைகளை உடுப்பின்றிப் பிடிக்க விடாதீர்கள். வேண்டாம் என்று சொன்னவருக்கு நிவாரணம் குறையக்கூடாது. அப்படிக் குறைத்தால் பலரறியச் சொல்லுங்கள்.

அத்தோடு, இன்று அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் கமராவுள்ள கைத்தொலைபேசி ஒன்று இருக்கிறது. காணியைப் பார்க்க விடுகிற நாளில் அதைக் கொண்டு போங்கள். அழுதுகொண்டு நிற்கும் படம் ஒன்று போதும். வீட்டு அத்திவாரம், கிணற்றுக் கட்டு, பழைய தென்னைகளின் வரிசை, வாய்க்காலின் மதகு, அடையாளக் கல், பள்ளிவாசலோ கோயிலோ இருந்த இடம் ஆகியவற்றை முதலில் தூரத்திலிருந்தும் பிறகு கிட்டப் போயும் எடுங்கள். லாங் செய்தது போல. பக்கத்தில் மாறாத ஏதாவது ஒன்று, மலையோ குளக்கட்டோ, தெரிய வேண்டும். முக்கியமானவற்றை ஸ்ரூடியோவில் கொடுத்துக் கடதாசியில் எடுத்து, பின்புறத்தில் திகதி, இடம், எடுத்தவர் பெயர், கூட நின்ற இருவரின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். ஒரு பிரதியைக் கடலுக்குத் தூரத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வைப்பது நல்லது.