கடல் குறியீடு அல்ல

இலக்கியம் படித்தவரிடம் கடலைப் பற்றிக் கேட்டால் ஆழ்மனம், முடிவின்மை, விடுதலை என்று அடுக்குவார். சங்கப் பாட்டு என்றால் இன்னும் சுலபம்: கடலோரத் திணையான நெய்தலா, அதன் உரிப்பொருள் இரங்கல். அத்தோடு பாடம் முடிந்தது. இந்தப் பாடம் தவறு. கடலை நம்பிப் பிழைக்கிற மக்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட.

நற்றிணையின் 45ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். தேர்ச் செல்வம் படைத்த வீட்டுப் பிள்ளை ஒருவன் பரதவர் மகளை நாடி வருகிறான். தோழி வழிமறிக்கிறாள். அறுத்துக் காயப்போட்ட சுறாவைப் பறவை கொத்தாமல் காக்கிறவர்கள் நாங்கள், எங்கள் மேல் புலால் வீசும், தள்ளியே நில் என்கிறாள். அதோடு விடவில்லை. கடல் தருகிற எங்கள் சிறு வாழ்க்கை உன்னுடையதைப் போன்றதல்ல, ஆனால் எங்களிலும் மேன்மக்கள் உண்டு என்கிறாள். இங்கே கடல் எந்த ஆழ்மனத்தின் குறியீடு? அது அவர்களுக்குச் சோறு, அந்தச் சோற்றால் வந்த மிடுக்கு. இரங்கல் என்று ஓரத்தில் குறித்துவிட்டு நகர்கிறவருக்கு இந்தக் குரல் காதில் விழாது.

அகநானூறு 140இல் அம்மூவனார் உமணர் மகளைக் காட்டுகிறார். நெல்லுக்குச் சமமாக உப்பு என்று அவள் தெருவில் கூவுகிறாள்; பழகாத குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது; அவள் மிரள்கிறாள். காதல் பாட்டுதான். காதலுக்குள் பண்டமாற்று விலையும் வண்டிப்பாதையும் வந்து நிற்கின்றன. புலவருக்குத் தெரிந்தது உரைக்குறிப்பில் தொலைந்துவிடுகிறது.

நெய்தலில் துயரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரிந்தவளின் அழுகை நிறையவே உண்டு. அந்த அழுகைக்குப் பக்கத்திலேயே வலையும் உப்பளமும் கிடக்கின்றன என்பதுதான் என் வழக்கு. குறியீடு தேடும் இந்தப் பழக்கம் நம்முடையது மட்டுமல்ல. தன் நாவலான ‘கிழவனும் கடலும்’ 1952இல் வெளிவந்தபோது, குறியீடு எதுவும் இல்லை, கடல் கடல்தான் என்று ஹெமிங்வே கடிதமே எழுதினார். விமர்சகர்கள் கேட்கவில்லை.

கடலைக் குறியீடாக்கும் பழக்கம் வகுப்பறையோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயலில் குமரி மாவட்ட மீனவர்கள் மாண்டபோதும் ‘கடல் அன்னையின் சீற்றம்’ என்றே எழுதினோம். கடல் சீறியது என்று எழுதிவிட்டால் எந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முன்னமே ஆழ்கடலுக்குத் தொழிலுக்குப் போயிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேர ஏன் வழியில்லை என்று மீனவர் வீட்டுப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து கேட்டார்கள். நம் கவிதைகள் கேட்கவில்லை.