கம்போங் மேடானிலிருந்து நீலாயா, கிள்ளானா?

கம்போங் மேடான் அடுக்குமாடிகளில் வளர்ந்த நம் பிள்ளைகள் கல்யாணமானதும் தரைவீடு தேடி நீலாய், ரவாங் பக்கம் போகிறார்கள். அங்கே வீடு மலிவுதான். ஆனால், வங்கித் தவணையை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது.

மாதம் 50 ரிங்கிட் மை50 பாஸ் ரேபிட் கேஎல்லின் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், பஸ்களுக்குத்தான். நீலாய்க்கும் ரவாங்கிற்கும் ஓடும் கேடிஎம் கொமியூட்டருக்கு அது செல்லாது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் செலவு இரட்டிப்பு. ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி விட்டு வந்த பிள்ளையை அதுவரை யார் பார்ப்பது? தாத்தா பாட்டி கம்போங் மேடானில் அல்லவா இருக்கிறார்கள்!

என் பார்வையில் கிள்ளானே மேல். அங்கும் கொமியூட்டர்தான், ஆனால், அதே பாதை கம்போங் டத்தோ ஹருண் நிலையத்தில் நிற்கிறது, பாட்டி வீடு பக்கம். எல்ஆர்டி3 பெயரைச் சொல்லி தரகர் விலையை ஏற்றினால், அதன் திறப்பு எத்தனை முறை தள்ளிப்போனது என்று கேளுங்கள்.