ஏற்ற சொல்லும் இட்ட விலையும்

விழா மலருக்கு நாம் எழுதுவதெனின் இலக்கியத்திலோ இலக்கணத்திலோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம் என்றே மலர்க்குழுவினர் எதிர்பார்த்திருப்பர். அவர்கள் பொறுத்தருள்க. ஈண்டு நாம் கூற வந்தது வாணிகம் பற்றியது. அதுவும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் சமஷ்டி அரசாங்கத்தோடு செய்யும் வாணிகம். (சமஷ்டி என்றதும் நம்மவர் செவி வேறொரு பொருளை நாடும். அது பற்றிப் பிறிதோரிடத்திற் பேசலாம்.)

காரணம் இது. நாம் ஆசிரிய கலாசாலையிலே தேறி இங்கு வந்த முதலாண்டில் எம்மிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவர், இன்று அந்நாட்டிலே ஒன்பது பேரை வைத்துக் கணினி பராமரிக்கும் சிறு கம்பனி நடத்துகிறார். சென்ற ஆண்டு ஊருக்கு வந்தவர், எண்பது பக்கக் கேள்விப்பத்திரம் ஒன்றுடன் எம் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தார். அரசாங்கப் பணிமனை ஒன்றின் கணினிகளை ஐந்தாண்டு பராமரிக்கும் வேலை. "விலையை அடிமட்டத்துக்கு இறக்கி முதலில் வேலையைப் பிடிப்போம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பங்காளி சொல்லுகிறார். ஐயா என்ன நினைக்கிறீர்கள்?" என்றார். சந்தையில் மீன்விலை பேசவும் தெரியாத தமிழாசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது! ஆயினும் கேட்டவர் எம் மாணவர். கருத்தொன்றும் கூறாதிருத்தல் எமக்கு வழக்கமுமன்று.

பிடித்தபின் பார்ப்போம் என்பது பிழை. இதுவே எம் கருத்து. நட்டம் வரும் என்பதனால் மட்டும் இதனைக் கூறினோமல்லோம். தாம் நிறைவேற்ற இயலாததென்று அறிந்தே ஒரு சொல்லை எழுத்தில் ஏற்பது அது.

அந்நாட்டு அரசாங்கம் 2023ஆம் நிதியாண்டில் ஒப்பந்தங்களுக்கு ஏற்ற தொகை 75,000 கோடி டொலருக்கு மேல். அதில் நூற்றுக்கு 23 பங்கேனும் சிறு வணிகருக்குச் சேரவேண்டும் என்பது சட்டம் வைத்த இலக்கு. இத்துணைப் பெருஞ்செல்வம் யாவர்க்கும் திறந்த வாயிலில் குவிந்து கிடப்பின் பங்காளி போன்றோர் விரைதல் இயல்பே. அவர் எண்ணம் புதியதுமன்று. 1984இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் கொள்வனவு விதித்தொகுதி அதற்குத் தனிப்பெயரே இட்டுவைத்தது. அடக்கவிலைக்குக் கீழே கேட்டு வேலையைப் பெற்று, பின்னர் மாற்ற வேலைகளின் பெயரால் விலையை ஏற்றிக்கொள்ளலாம் என்று நுழைவதை 'பையிங் இன்' என்று குறித்து, அதனைக் காத்துக்கொள்ளுமாறு அலுவலரை எச்சரித்தது. கள்வன் வரும் வழியைக் காவலன் முன்னரே அறிவான்.

மேலும், மாற்றத்தை ஆணையிடும் அதிகாரம் ஒப்பந்த அலுவலர் ஒருவர்க்கே உண்டு. வேலைத்தலத்தில் நிற்கும் வேறு அலுவலர் எத்துணை இனிமையாகத் தலையசைப்பினும் அது அரசாங்கத்தைக் கட்டாது. 1947இல் ஐடகோ மாநிலத்து உழவர் சிலரின் வழக்கு அந்நாட்டு உயர்நீதிமன்றம் வரை சென்றது. அவர்களுடைய மறுவிதைப்புக் கோதுமைக்கும் காப்புறுதி உண்டென்று உள்ளூர் முகவர் சொன்னார். எழுதிய விதியோ இல்லையென்றது. வறட்சியிற் பயிர் அழிந்தது. அரசாங்கத்தோடு உடன்படுவோர் அதன் முகவரின் அதிகார எல்லையைத் தாமே அறிந்துகொள்ளல் வேண்டும் என்று மன்று தீர்த்தது. எமக்கு அத்தீர்ப்புக் கொடிதாகவே தோன்றுகிறது. ஆயினும் அதுவே நிலைத்தது.

நாம் மாணவருக்கு எடுத்துச் சொன்னது றைற் சகோதரர் கதை. வானூர்தி கண்டவர் என்று அவர்களை யாவரும் அறிவர். அரசாங்க ஒப்பந்தக்காரர் என்று அறிந்தோர் சிலரே. அமெரிக்கத் தரைப்படை 1898இல் லாங்லி என்னும் பேரறிஞருக்கு 50,000 டொலர் ஒதுக்கிற்று. அவர் பொறி 1903இல் இருமுறை போட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. சூடுகண்ட படையினர் 1905இல் சைக்கிள் கடைச் சகோதரர் எழுதிய கடிதத்தைப் பொருட்படுத்தவில்லை. ஈற்றில் 1907 டிசம்பரில் கேள்வி கோரினர். அப்பத்திரம் சில பக்கங்களே கொண்டது. சொற்களோ உளியாற் செதுக்கியவை. இருவரைச் சுமக்கவேண்டும், அவர் நிறை சேர்ந்து 350 இறாத்தல். ஒரு மணிநேரம் தரை தொடாது பறக்கவேண்டும். வேகம் மணிக்கு 40 மைல். அதற்கு மேல் ஒவ்வொரு மைலுக்கும் விலையில் நூற்றுக்குப் பத்துக் கூடும், கீழே ஒவ்வொரு மைலுக்கும் பத்துக் குறையும், 36க்குக் கீழ் இறங்கின் பொறியே வேண்டாம். கேட்ட விலையில் பத்திலொன்றை முன்வைப்பாகக் கட்டவும் வேண்டும்.

நாற்பத்தொரு பேர் கேட்டனர். மூவர் கேள்வி ஏற்கப்பட்டது. ஸ்கொற் என்பார் 1,000 டொலர் என்றார். ஹெறிங் 20,000 என்றார். றைற் சகோதரர் 25,000 என்றனர். மூவருள் விலை கூடியவர் அவர்களே. தவணையிலும் நீண்ட 200 நாளைக் கேட்டவர் அவர்களே. ஸ்கொற் விலகிக்கொண்டார். ஹெறிங் ஏற்றபடி பறக்கும் பொறியைக் கொடுத்தாரில்லை. 1908 செப்டெம்பர் 17இல் போட் மயர் திடலிலே ஓவில் ஓட்டிய பொறி வீழ்ந்தது. உடனிருந்த லெப்டினன்ட் செல்பிறிட்ஜ் உயிர் துறந்தார், ஓவில் என்பு முறிந்து கிடந்தார். படையினர் தவணையை நீட்டினர். ஓவில் மறு ஆண்டு அதே திடலுக்கு வந்தார். 1909 ஜூலை 27இல் ஒரு மணிநேரத்துக்கு மேல் பறந்தார். 30ஆம் நாள் பத்து மைல் ஓட்டத்தில் சராசரி வேகம் 42½ மைல் கண்டார். அரை மைல் கணக்கிற் சேரவில்லை. இரண்டு மைலுக்கு 5,000 கூட்டி, 30,000 டொலர் பெற்றார். எழுதிய சொல் இருபாலாரையும் ஒப்பக் கட்டியது.

"அது அக்காலம், ஐயா" என்றார் மாணவர். இக்காலத்துக்கும் சான்று உண்டு, தம்பி, என்றோம். போயிங் கம்பனி 2011இல் வான்படைக்கு எரிபொருள் நிரப்பும் விமானம் செய்துகொடுக்க மாறாவிலைக்கு ஏற்றது. அவ்வேலையில் அது கண்ட நட்டம் 700 கோடி டொலரைத் தாண்டிவிட்டது. மலை போன்ற கம்பனி தாங்கிற்று. ஒன்பது பேர் கம்பனி தாங்குமா?

பின்னர் இருவருமாக அந்த எண்பது பக்கங்களையும் வாசித்தோம். ஆங்கிலத்தில் 'ஷல்' என வரின் 'செய்தல் வேண்டும்', 'மே' எனின் 'செய்யலாம்'. இவ்விரண்டையும் வேறுபடுத்தும் பயிற்சி வகுப்பறையில் விகுதி படித்தவருக்கு அரிதன்று. விளக்கேற்றிய பின்னும் வாசித்தோம்.

இரண்டு மாதங்கழித்துக் கடிதம் வந்தது. தம் கணக்குப்படியே விலை இட்டாராம். வேலை வேறொருவருக்குப் போயிற்றாம். தோற்றவர் மூன்று நாளுக்குள் எழுத்திற் கேட்பின் காரணத்தை விளக்குதல் ஒப்பந்த அலுவலரின் கடன். கேட்டிருக்கிறார். விலை கூடியது ஒரு காரணம். இரவிலே கணினி பழுதுற்றால் யார், எத்துணை நேரத்தில் வருவார் என்பதற்குத் தெளிவான விடை எழுதாதது மற்றொன்று. அவ்வினா 'ஷல்' என்னும் சொல்லோடு 47ஆம் பக்கத்திலே இருந்தது. அன்றிரவு அப்பக்கத்தை நாமும் கடந்துதான் சென்றோம்.

ஒன்பது பேரில் இருவரை நிறுத்தவேண்டியதாயிற்று என்றும் எழுதியிருந்தார். பங்காளி சொன்னபடி செய்திருப்பின் அவர்கள் இன்றும் வேலையில் இருக்கக்கூடும். ஈராண்டில் ஒன்பது பேருமே வீதிக்கு வந்திருக்கவும் கூடும். எம் கருத்து மாறவில்லை. ஆயினும் அவ்விருவரையும் எண்ணாது இதனை எழுத எம்மால் இயலவில்லை.

இப்பொழுது வேறொரு கேள்விப்பத்திரத்தை அனுப்பியிருக்கிறார். 112 பக்கம். பாடசாலை விட்ட பின்னர் சிவப்புப் பென்சிலோடு அமர்ந்து 'ஷல்' ஒவ்வொன்றின் கீழும் கோடிட்டு வருகிறோம். இதனை எழுதும்போது 31ஆம் பக்கத்தில் நிற்கிறோம்.