திரையில தெரியிற இலக்கத்தை நம்பலாமா?

யாழ்ப்பாணத்தில் கிணத்துத் தண்ணியைப் பற்றிக் கதைக்காத வீடு இல்லை. உப்பு, உரம், மலசலகூடக் குழி எண்டு பயப்பிடக் காரணமும் இருக்கு. அதால ஒரு ஆர்டுயினோ பலகை, ஒரு பீ.எச் சென்சர், ஒரு ரி.டி.எஸ் சென்சர், சின்னத் திரை எண்டு மாணவர்கள் தாங்களே கருவி செய்யிறதைப் பார்க்க எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனால் அந்தத் திரையைப் பார்த்ததும் நாங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒண்டு இருக்கு: இதைக் கடைசியா எப்ப கலிபிரேட் பண்ணினது?

பலகைக்கு பீ.எச் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது மின்னழுத்தம் மட்டும்தான். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். அதை பீ.எச் ஆக்கும் கணக்கை நாங்கள்தான் எழுதுகிறோம். பீ.எச் தெரிந்த தாங்கற் கரைசல்களில் சென்சரை வைத்துத்தான் அந்தக் கணக்கு வரும். கண்ணாடி முனை பழசாகப் பழசாக அதன் பதில் மாறும். போன வருசக் கணக்கு இண்டைக்குச் சரிவராது.

எந்தக் கரைசல் எண்டதும் முக்கியம். பலர் 4, 7 இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்கட நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் இருக்கிறது, அதன் பீ.எச் பெரும்பாலும் 7க்கு மேல். அப்ப 7, 10 கரைசல்கள்தானே தேவை?

ரி.டி.எஸ் இன்னும் சிக்கல். சென்சர் அளப்பது மின்கடத்துதிறனை. அதை 0.5 முதல் 0.7 வரையான ஒரு குணகத்தால் பெருக்கித்தான் ரி.டி.எஸ் எண்டு காட்டுகிறோம். வெப்பநிலை ஒரு பாகை கூடினால் கடத்துதிறன் ஏறத்தாழ 2 வீதம் கூடும். வெப்பநிலையைக் கணக்கில் எடுக்காட்டி, காலமையும் மத்தியானமும் ஒரே தண்ணி வேற வேற இலக்கம் காட்டும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் நைத்திரேற்று எவ்வளவு எண்டு அந்த இலக்கம் சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் நைத்திரேற்றுக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்குத்தான் அதால கூட ஆபத்து. ரி.டி.எஸ் குறைவான தண்ணியிலும் அந்த எல்லை தாண்டியிருக்கலாம். கிருமியும் எண்ணெயும் இந்தச் சென்சருக்குப் பிடிபடாது. "ரி.டி.எஸ் குறைவு, பயப்பிடாமக் குடியுங்கோ" எண்டு ஒரு தாய்க்குச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

அதுக்காகக் கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆய்வுகூடம் நாளுக்கு நாள் ஒவ்வொரு கிணத்தடிக்கும் வராது. மாரிக்கும் கோடைக்கும் இடையில் தண்ணி எப்படி மாறுது எண்டு காட்ட மலிவான சென்சர் போதும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: இலக்கத்தை வெளியிடேக்க, கலிபிரேட் பண்ணின திகதி, பாவித்த கரைசல், தண்ணியின் வெப்பநிலை, அளக்காமல் விட்டது எது எண்ட நாலையும் கீழ எழுதுங்கோ.

இது விஞ்ஞானபீடத்தின்ர வேலை மட்டும் இல்லை. கலைப்பீடத்தில் ஒரு மேற்கோளைப் பார்த்தால் எங்கயிருந்து எடுத்தது எண்டு கேட்கப் பழகியிருக்கிறோம். ஒரு இலக்கத்திட்டையும் அதையே கேட்போம்.